வலை பின்னக் கற்பவரின் கட்டைவிரல்

கம்பளி நூலும் ஊசியும் வாங்கி, தானாகவே ஸ்வெட்டர் பின்னப் பழகுகிறவர் படும் பாடு பெரிது. மீன் வலை பின்னப் பழகுவது அதைவிடக் கடினம்.

பிச்சாவரத்துக் கழிகளில் இருளர்கள் சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். மற்ற மீனவர்களுக்கு வலைதான் பிழைப்பு. அந்த வலையின் முடிச்சைப் பாருங்கள். ஊசியை வலையின் கண்ணுக்குள் கீழிருந்து மேலே விட்டு, இரண்டு இழைக்கும் பின்னால் சுற்றி, அதே நூலுக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது கட்டைவிரல் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கணும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் முடிச்சு கண்ணை விட்டு வழுக்கிக் கீழே இறங்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர் அழாத குறையாக நிற்பது இங்கேதான்.

கம்பளியில் தப்பு வந்தால் நுனியை இழுத்தால் போதும், மளமளவென்று பிரிந்துவிடும். வலையில் ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக அவிழ்க்கணும், இல்லையென்றால் அறுக்கணும். கண் அளவு பெரிதாகிவிட்டாலோ சின்ன மீனெல்லாம் நழுவிப் போகும்.

மனிதர் இதில் பழகி வெகுகாலம் ஆகிறது. இன்று ரஷ்யாவில் உள்ள அந்திரேயாவில் 1913-இல் கிடைத்த, வில்லோ மரப்பட்டை நாரால் ஆன வலைக்கு வயது 10,000 ஆண்டுகளுக்கும் மேல்.

பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் தடித்த பருத்தி நூலை எடுங்கள். நைலான் வழுக்கும், விரலையும் அறுக்கும். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டிக்கொண்டு தொடங்கலாம். கண்கள் ஒரே அளவாக வர, ஒரு மூங்கில் சீவலை நூலுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.