ஊரைச் சுற்றி ஒரு மிதிவண்டி வழி

மிதிவண்டி வைத்திருக்கும் மாணவர் எவரையேனும் நோக்கி, "உன் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சென்று திரும்புவதற்கு நல்ல வழி எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் பேருந்து செல்லும் பெருஞ்சாலையைத்தான் சொல்வர். அவர்கள் அறிந்த வழி அது ஒன்றே. ஆனால் பேருந்துக்கு நல்ல சாலை மிதிவண்டிக்கும் நல்ல சாலையாக இருப்பது அரிது. வழியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, உடன் செல்லும் துணையைச் சேர்த்துக்கொள்வது எவ்வாறு என்னும் இரண்டைப் பற்றியும் இன்று சில சொல்ல விழைகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நான்கு வழிச்சாலையில் ஒரு கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. முன்னே நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறீர்கள். ஓட்டுநர் உங்களை 100 மீட்டர் தொலைவில் காண்கிறார் என்று கொள்வோம். அவர் உங்களை எட்டுவதற்கு ஆகும் நேரம் ஐந்து வினாடிக்கும் குறைவு. அதே கார் கிராமச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், அந்த நேரம் பதினான்கு வினாடிக்கு மேல் ஆகிறது. ஓட்டுநரும் அவரே, நீங்களும் நீங்களே. சாலை மாறியதனால் உயிர் தப்புவதற்குரிய நேரம் மூன்று மடங்காகிறது. பெருஞ்சாலையில் சென்று பழகிவிட்டால் அச்சம் போய்விடும் என்று சிலர் கூறுவதுண்டு. அச்சம் போகலாம், அந்த ஐந்து வினாடி ஆறாவதில்லை.

எந்தச் சாலை எவ்வகையது என்பதைச் சாலையோரக் கல்லே சொல்லும். கிலோமீட்டர்க் கல்லின் தலை மஞ்சளாயிருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயிருந்தால் மாநில நெடுஞ்சாலை. இவ்விரண்டையும் கூடியவரை குறுக்கே கடந்து செல்லுங்கள். அவற்றின் மீதே நெடுந்தொலைவு செல்லாதீர்கள். இவற்றுக்கு அடுத்த மாவட்டச் சாலைகளும், ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு தார்ச்சாலைகளுமே நமக்கு உரியவை.

இச்சிறு சாலைகளைக் கண்டறிய நிலப்படம் வேண்டும். நிலத்தை அளந்து படமாக்கும் கலையில் நம் மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் அடிக்கோடு அளந்தது சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பகுதியில்தான். அவ்வளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுப் படத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். அதிலுள்ள சமவுயரக் கோடுகளை எண்ணத் தெரிந்தவர், மலைச்சாலையை வீட்டிலிருந்தே ஏறிப் பார்த்துவிடலாம். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம் என்று படத்தில் குறித்திருந்து, இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள சாலை ஐந்து கோடுகளைக் கடந்தால், ஒரு கிலோமீட்டரில் நூறு மீட்டர் ஏற்றம். அதாவது பத்துக்கு ஒன்று. பற்சக்கர மாற்று இல்லாத வண்டியில் அதனை ஏறுவது பெரும்பாலோர்க்கு இயலாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இன்று கைப்பேசியிலேயே படம் இருக்கிறது. தன்னார்வலர் பலர் கூடி வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் படம் 2004இல் தொடங்கியது. நம் சிற்றூர்ச் சந்துகள் பலவும் அதில் ஏறியுள்ளன. ஆயினும் ஓர் எச்சரிக்கை. வழி கேட்டால் கைப்பேசி பெரும்பாலும் விரைவான வழியைக் காட்டும். அது பெருஞ்சாலையாக இருக்கலாம்; அல்லது படத்தில் கோடாக மட்டும் இருந்து, நேரில் சேறாக இருக்கும் வாய்க்கால் கரையாகவும் இருக்கலாம். ஆதலால் படத்தில் கண்டதைப் பால்காரரிடமும், செய்தித்தாள் போடுபவரிடமும், மிதிவண்டி பழுது பார்க்கும் கடைக்காரரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தச் சாலையில் நேற்றுச் சல்லி கொட்டினார்கள், எந்தத் தெருவில் நாய்த்தொல்லை என்பன எந்தப் படத்திலும் இல்லை.

எடுத்துக்காட்டாக ஒரு வழியைச் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாறு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இத்தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். இச்சாலையில் பேருந்து மிகுதி. ஆகையால் விடியற்காலையிலேயே இதனைக் கடந்துவிட வேண்டும். திருவையாற்றிலிருந்து மேற்கே திரும்பினால் திருக்காட்டுப்பள்ளி வரை காவிரியை ஒட்டியே செல்லலாம். ஒருபுறம் ஆறும், மறுபுறம் வாழையும் நெல்லுமாகச் செல்லும் இப்பகுதிதான் இவ்வழியின் உயிர். திருக்காட்டுப்பள்ளியில் தேநீர் அருந்திவிட்டுத் தெற்கே இறங்கினால் பூதலூர். அங்கிருந்து கிழக்கே தஞ்சைக்குத் திரும்பலாம். சுற்று முழுவதும் 60 கிலோமீட்டரை ஒட்டியது. மேட்டூர் அணை கட்டிய காலத்தில் வெட்டப்பட்டு 1934இல் நீர் கண்ட கல்லணைக் கால்வாயும் இப்பக்கமே ஓடுகிறது. ஊரார் இன்னும் அதனைப் புது ஆறு என்றே அழைக்கின்றனர். வலிமை உள்ளவர்கள் திருக்காட்டுப்பள்ளியில் திரும்பாமல் மேலும் மேற்கே கல்லணை வரை சென்று வரலாம்.

இவ்வழியை நான் நல்லது என்று சொல்வதற்கு அழகு மட்டும் காரணம் அன்று. இது வட்டமாகச் செல்கிறது. போன வழியே திரும்பும் சலிப்பு இல்லை. எங்கும் சமநிலம். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் பற்சக்கர மாற்றில்லாத மிதிவண்டியே இதற்குப் போதும். சிறிது தொலைவுக்கு ஒருமுறை ஓர் ஊரும், தண்ணீரும், காற்றடிக்கும் கடையும் எதிர்ப்படும். பூதலூரில் ரயில் நிலையம் இருப்பதனால், ஒருவர்க்கு இயலாமற் போனால் அவர் வீடு சேர வேறு வழியும் உண்டு. அழகினும் இதனையே நான் முதலில் பார்ப்பேன்.

குறைகளும் உள்ளன. தை, மாசி அறுவடைக் காலத்தில் இச்சாலைகளில் நெல்லை உலர்த்துவர். நெல்மணியின் மீது சக்கரம் ஏறினால் மணலில் ஏறியது போல் வழுக்கும். அன்றியும் அது ஒருவர் உழைப்பின் பயன். இறங்கி ஓரமாக நடந்து செல்லுங்கள். சனவரித் திங்களை ஒட்டி நடைபெறும் தியாகராச ஆராதனை நாட்களில் திருவையாற்றுச் சாலை நெருக்கமாயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிகள் நீருக்கடியில் மறைந்துவிடும். ஆழம் தெரியாத நீரில் சக்கரத்தை விட வேண்டா.

அடுத்துக் காற்று. சமநிலத்தில் மிதிவண்டிக்காரனுக்கு மலை என்பது காற்றுத்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; நாம் எம்மாத்திரம்! ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. நான் சொன்ன சுற்றில், உடலில் வலிமை இருக்கும்போதே மேற்கு நோக்கி எதிர்காற்றில் சென்றுவிடுகிறோம். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் இக்கணக்கு தலைகீழாகும். அப்போது தஞ்சையிலிருந்து கிழக்கே மெலட்டூர், திருக்கருகாவூர் வழியாகப் பாபநாசம் சென்று திரும்புவது தக்கது.

இனித் துணையைப் பற்றி. ஒருவர்க்குப் பின்னால் மற்றொருவர் நெருங்கிச் சென்றால் முன்னவர் காற்றைப் பிளந்து தருகிறார். வேகமாகச் செல்லுங்கால் பின்னவர்க்கு முயற்சியில் கால் பங்கு அளவுக்கும் மிச்சமாகலாம். வலசைப் பறவைகள் வரிசையாகப் பறப்பதும் இவ்வகையான ஒரு சிக்கனமே. ஆனால் நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. முன்சக்கரம் மற்றவர் பின்சக்கரத்தில் உரசினால் விழுபவர் பின்னால் வருபவரே. ஆகவே புதியவர்கள் ஒரு வண்டி நீளமேனும் இடைவெளி விடுக. முன் செல்பவர் குழி, கல், வேகத்தடை யாவற்றையும் கையால் காட்டியும் குரல் கொடுத்தும் அறிவிக்க வேண்டும். திடீரெனத் தடையை அழுத்தலாகாது. எவ்வளவு நண்பர்களாயினும் பேசிக்கொண்டு மூவர் இணையாகச் செல்வது வேண்டா.

ஒரு குழு நல்லதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடைசியில் வருபவர் எங்கே என்று அவர்களைக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லையானால் அக்குழுவை விட்டுவிடுங்கள். வலிமையும் பொறுமையும் உடைய ஒருவர் இறுதியில் வர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் வந்து சேரும் வரை நிற்க வேண்டும். நின்றவர்கள் இளைப்பாறியபின், கடைசியாக வந்தவர் மூச்சு வாங்கும் முன்பே புறப்படுவது பல குழுக்களில் காணும் வழக்கம். இதனினும் கொடுமை வேறில்லை.

போட்டியில்லாமல் நெடுந்தொலைவு செல்லும் மரபு மேனாட்டில் பழையது. 1904இல் பாரிசில் தோன்றிய ஓடாக்ஸ் சங்கம் இதனை முறைப்படுத்தியது. பிரெவே எனப்படும் அப்பயணங்களில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை. நேரத்துக்குள் வந்தவர் யாவரும் சமம். இப்பயணங்கள் நம் மாநிலத்திலும் நடைபெறுகின்றன.

ஆயினும் பாரிசு வரை போக வேண்டியதில்லை. தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதனை ஊக்குவித்தார். கேலி பேசியவர்கள் இருந்தனர். கூட்டமாகச் சென்ற பெண்களின் முன் அக்கேலி நிற்கவில்லை. தனியே செல்லத் தயங்கும் மாணவியர்க்குக் குழு என்பது காற்றை மட்டும் பிளப்பதன்று.

உங்கள் ஊரில் குழு இல்லையெனில் மூவர் போதும். ஒரு தாளில் வழி, தொலைவு, தண்ணீர் கிடைக்கும் இடம், பழுது பார்க்கும் கடை, ரயில் நிலையம், புறப்படும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அதில் ஒரு படியை வீட்டில் கொடுத்துவிட்டு, மற்றொன்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதல் ஞாயிறு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டா. வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.