பயம் வேறு, நம்பிக்கை வேறு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழுத் தலைவி ஒருவர் பேசியது)



சென்னையில எங்க குழு அக்கா ஒருத்தருக்கு போன மாசம் ஒரு போன் வந்துச்சு. "டெல்லி சி.பி.ஐ.யிலிருந்து பேசுறோம். உங்க ஆதார் ஒரு கேஸ்ல மாட்டியிருக்கு. டிஜிட்டல் அரெஸ்ட். வீட்டை விட்டு நகரக் கூடாது" என்று மிரட்டினார்கள். அக்கா கடன் தவணைக்கு வைத்திருந்த 18,000 ரூபாயை அனுப்பிவிட்டார். "எங்களை ஒரு வார்த்தை கேட்கலையே அக்கா?" என்றேன். "கவர்மெண்டுனு சொன்னாங்களேம்மா" என்று அழுதார்.

மத்திய அரசு ஆபீஸ் என்றாலே நமக்குப் பயம். அந்தப் பயம்தான் திருடனுக்கு முதலீடு.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். பெண்களைப் பொழுது சாய்ந்த பிறகு, விடியும் முன் சாதாரணமாகக் கைது செய்ய முடியாது. ஏமாந்துட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

உண்மையான ஆபீஸையும் நாம கேள்வி கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனு கொடுத்தால், 30 நாளில் பதில் தரணும். கேட்டுப் பதில் கிடைத்தால்தான் நம்பிக்கை வளரும். நம்ம குழுவிலும் கணக்கு நோட்டைப் பார்த்துத்தானே ஒருத்தரை ஒருத்தர் நம்புறோம்?

அக்காவின் தவணையைக் குழுவே சேர்ந்து கட்டினோம். அப்படி ஒரு போன் வந்தா, கட் பண்ணிட்டு முதல்ல குழுவில சொல்லுங்க.