மீட்டரும் ஓர் அளவையே!

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



எங்கள் மஹல்லாவில் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் இருவர், பல மாதங்கள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாதிருந்தனர். ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் அவருடைய மாடியில் குடியிருந்து காலி செய்தவர். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதற்காக அட்வான்ஸில் 4,500 ரூபாய் பிடிக்கப்பட்டதே காரணம். மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்கியிருப்பது கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, 4,500 ரூபாய் அந்த ஸலாமை முறித்துவிட்டது.

ஒரு நாள் அஸ்ருக்குப் பின் இருவரையும் அமர வைத்து, மோட்டாரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கையும் அழைத்தேன். "ரொம்ப வருஷம் ஓடித் தேஞ்சுபோனது ஹஜ்ரத்" என்றார் அவர். வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அப்போது குடியிருந்தவர் தலைகுனிந்தார். தம் பிள்ளை உடைத்த வாஷ்பேசினைச் சொல்லாமல் மறைத்துவிட்டு வந்ததாகக் கூறி, அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். இருவரும் முஸாஃபஹா செய்தனர்.

அன்பர்களே! மார்க்கம் இதில் நம்மை இருட்டில் விடவில்லை. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் திமிஷ்கில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தம் 'மின்ஹாஜ்' நூலில் இதைத் தெளிவாக்கியுள்ளார்கள். வீட்டைப் பழுது பார்ப்பது உரிமையாளர் மீது. அவர் செய்யாவிடில், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. கூரையின் மேல் விழும் பனியை அகற்றுவது உரிமையாளரின் வேலை. முற்றத்துக் குப்பையை அகற்றுவது குடியிருப்பவரின் வேலை. நம் ஊரில் பனி விழுவதில்லை. ஆனால் கூரை ஒழுகுகிறது. சட்டம் அதேதான்! ஹனஃபீ மத்ஹபிலும் வீட்டின் பழுது உரிமையாளரையே சாரும்.

குடியிருப்பவரின் கையில் வீடு ஓர் அமானத். முறையாகப் பயன்படுத்தும்போது தேய்ந்தால் அவர் மீது குற்றமில்லை. அலட்சியத்தாலோ வரம்பு மீறியதாலோ கெட்டால் ஈடு செய்வது அவர் மீது கடமை.

தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே பிரிக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவருக்கு. தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதை அது தடுக்கிறது.

இனி மின் கட்டணத்திற்கு வருவோம். 2016இல் அரசு, வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமில்லை என அறிவித்தது. அத்தகைய சலுகை குடியிருப்பவரின் உபயோகத்திற்கு வந்திருக்க, சப்மீட்டர் வைத்து அதற்கும் பணம் வாங்கி, "இதுதான் கரண்ட் பில்" என்று சொல்வது நியாயமா? அளவையில் குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்று எச்சரித்தே அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. மரக்காலும் தராசும் மட்டுமல்ல, மீட்டரும் ஓர் அளவையே! வாடகையை உயர்த்த வேண்டுமா? வாடகை என்றே சொல்லி உயர்த்துங்கள். கரண்ட் பில் என்ற பெயரில் உயர்த்தாதீர்கள்.

குடியிருப்போரே! வீட்டுக்காரர் கட்டணம் செலுத்துகிறார் என்பதற்காகத் தொட்டி நிரம்பி வழியும்வரை மோட்டாரை ஓடவிடுவதும் வீண்விரயமே.

குடிபுகும் நாளிலேயே உட்கார்ந்து பேசுங்கள். மோட்டார், பொது விளக்கு, தொட்டி சுத்தம் ஆகியவற்றின் செலவு யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பில்லை மறைக்காமல் காட்டுங்கள். வெட்கப்பட்டு இன்று பேசாமல் விட்டது, நாளை ஸலாமை முறிக்கும்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக நாளை மறுமையில் நிற்பதை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.