மூத்த ஆட்டக்காரரின் விலை

உழவுக்கு மாடு வாங்கச் செல்பவன் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். பல்லைக் கொண்டு வயதை அறிவான். வயதைக் கொண்டு, அம்மாடு இன்னும் எத்தனை போகம் உழும் எனக் கணக்கிடுவான். அதன் பின்னரே விலை பேசுவான். இம்முறையில் அவன் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. ஒரு மாட்டின் உழைப்புக்கும் இன்னொரு மாட்டின் உழைப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதன்று.

ஐரோப்பாவின் உதைபந்தாட்டக் கழகங்களும் ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்குகின்றன, விற்கின்றன. ஆட்டக்காரர் ஒருவரின் வயதை அறிவதற்குப் பல்லைப் பார்க்க வேண்டியதில்லை. அது உலகறிந்த செய்தி. ஆயினும் பெரும்புகழ் ஈட்டிய ஒருவர் முப்பது வயதைக் கடந்த பின்னர் விலைக்கு வரும்போது கழகங்கள் தடுமாறுகின்றன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று பெயரை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டுவோர் ஒரு சாரார். வயதை மட்டும் பார்த்து, இனி இவரால் ஆவதொன்றுமில்லை எனக் கைவிடுவோர் மற்றொரு சாரார். முதற் சாரார் நட்டமடைவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். இரண்டாம் சாரார் அடையும் நட்டமோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் சிற்றிக் கழகம், ஒரே மனிதர் விடயத்தில், பதினான்கு ஆண்டு இடைவெளியில் இந்த வணிகத்தின் இரு பக்கங்களையும் கண்டது.

அம்மனிதர் ஸ்டான்லி மத்தியூஸ். 1915 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஸ்டோக் நகரப் பகுதியிலே, ஹான்லி என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் நாவிதத் தொழில் செய்தவர்; குத்துச்சண்டை வீரருமாவார். மைந்தர் வலப்பக்க ஓரத்தில் ஆடும் முன்னணி வீரராக வளர்ந்தார். எதிராளியின் முன்னே பந்துடன் நின்று, உடலை ஒரு புறம் சாய்த்துக் காட்டி, அவர் அப்புறம் அசைந்த கணமே மறுபுறத்தால் விரைந்து செல்வது அவருடைய கலை. அக்கலையைக் காண்பதற்கென்றே மக்கள் மைதானங்களை நிறைத்தனர்.

1947 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்டோக் கழகம் அவரைப் பிளாக்பூல் கழகத்துக்கு 11,500 பவுணுக்கு விற்றது. அப்பொழுது அவருக்கு வயது 32. கழகத்துக்கும் அவருக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது உண்மையே. ஆனால் முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரருக்கு அத்தகைய விலை கிடைக்கும்போது விற்றுவிடுவதே அறிவுடைமை என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருப்பர். அப்பருவத்தில் ஸ்டோக் கழகம் முதற்பிரிவின் வாகையை நோக்கிச் சென்று கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைற்றெட் கழகத்தை வென்றிருந்தால் வாகை அவர்களுடையதாகியிருக்கும். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றனர். நான்காம் இடமே கிடைத்தது. அந்நாளில் மத்தியூஸ் அவர்களோடு இல்லை.

வாங்கிய பிளாக்பூல் கழகமோ பதினான்கு ஆண்டுகள் அவரால் பயன் பெற்றது. 1953 ஆம் ஆண்டின் கிண்ண இறுதியாட்டத்தில் போல்ற்றன் கழகத்திடம் 3 க்கு 1 எனப் பின்தங்கி நின்ற பிளாக்பூல், 4 க்கு 3 என்று வென்றது. மூன்று கோல்களை அடித்தவர் மோர்ற்றன்சன். ஆயினும் அது இன்றுவரை மத்தியூசின் இறுதியாட்டம் என்றே அழைக்கப்படுகின்றது. அப்பொழுது அவருக்கு வயது 38. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கென ஏற்படுத்தப்பட்ட விருது 1956 இல் முதன்முறை வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவரும் 41 வயதான மத்தியூசே. 1947 இல் வயதைப் பார்த்து விற்றவர்கள் இழந்தது எவ்வளவு என்பதை இவை கூறும்.

இனி 1961 ஆம் ஆண்டுக்கு வருவோம். ஸ்டோக் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, அங்கும் தளர்ந்து கிடந்தது. அதன் ஆட்டங்களுக்குப் பத்தாயிரம் பேர் வருவதே அரிதாகிவிட்டது. கழகத்தின் முகாமையாளர் ரோனி வாடிங்ரன், 46 வயதைக் கடந்துவிட்ட மத்தியூசைத் திரும்பவும் வாங்க முற்பட்டார். விலை ஏறத்தாழ 3,500 பவுண். வாரச் சம்பளம் 50 பவுண். ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 20 பவுணுக்கு மேற் கொடுக்கலாகாது என்றிருந்த விதி அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டிருந்தமையால் அச்சம்பளம் இயல்வதாயிற்று.

இதனைப் பித்தென்று கருதியவர்கள் உண்டு. ஆனால் வாடிங்ரனின் கணக்கை நிதானமாகப் பார்த்தால் அதில் பித்து ஒன்றுமில்லை. மத்தியூஸ் மீண்டும் ஸ்டோக் மைதானத்தில் இறங்கியது 1961 ஒக்ரோபர் 28 ஆம் திகதி. ஹடர்ஸ்ஃபீல்ட் கழகத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தைக் காண 35,974 பேர் திரண்டனர். வழமையாக வருவோரைக் காட்டிலும் இருபத்தையாயிரம் பேர் மிகையாக வந்தனர் என்று கொள்வோம். ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் என்று வைத்தாலும் அது 3,125 பவுண் ஆகும். அதில் ஒரு பகுதி பிறருக்குச் செல்லும் என்றாலும், கொடுத்த விலையின் பெரும்பகுதி ஒரே மாலையில் மீண்டுவிட்டது. ஆட்டத்திலும் ஸ்டோக் 3 க்கு 0 என வென்றது.

ஆழம் அறியாமற் காலை விடலாகாது என்பர். வாடிங்ரன் ஆழத்தை அறிந்தே காலை விட்டார். மத்தியூஸ் அடுத்த மாதமே முடங்கியிருந்தாலும் கழகம் மூழ்கியிராது. முதியவரை வாங்குவதில் முதல் விதி இதுவே: அவர் ஒருநாள் ஆட இயலாமற் போவார் என்பது ஐயமல்ல, உறுதி, அந்த நாள் நாளையே வந்தாலும் தாங்கக்கூடிய விலையையே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அவரிடம் எஞ்சியிருப்பது யாது என்று பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடும் வேகம் வயதோடு குறைகின்றது. தசையில் ஏற்பட்ட காயம் ஆறுவதற்கு நாட்கள் கூடுகின்றன. வாரத்தில் இரு ஆட்டம் ஆடினால் இரண்டாவதில் கால்கள் கனக்கின்றன. ஆனால் ஆட்டத்தை முன்னுணரும் கண்ணும், பந்தை வேண்டிய இடத்தில் வைக்கும் நுட்பமும் அவ்வளவு விரைவில் அழிவதில்லை. மத்தியூசின் திறமை மைதானத்தின் நீளத்தை ஓடிக் கடப்பதில் இருந்ததன்று. முதல் சில அடிகளின் திடீர்ப் பாய்ச்சலில் இருந்தது. அதனை அவர் காத்து வந்தார். மது அருந்தாதவர்; உணவில் மிகுந்த கட்டுப்பாடு உடையவர்; நாள்தோறும் விடியலில் உடற்பயிற்சி செய்தவர். வாடிங்ரன் வாங்கியது பழைய புகழை மாத்திரமன்று, அந்த ஒழுக்கத்தையுமே.

மூன்றாவது, முதியவர் தனியே ஓர் அணியைத் தூக்கி நிறுத்துவார் என்று எதிர்பார்த்தலாகாது. வாடிங்ரன் அவரைச் சுற்றி அனுபவமிக்க வேறு சிலரையும் சேர்த்தார். மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்திலிருந்து டெனிஸ் வயலற் வந்தார்; பேர்ன்லிக் கழகத்திலிருந்து ஜிம்மி மக்கில்றோய் வந்தார். முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன எடி கிளாம்ப், மத்தியூசை எவரும் காலில் உதைத்து வீழ்த்தாதபடி காவல் போல் நின்றார். 1963 மே மாதத்தில் லூற்றன் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், மக்கில்றோய் அனுப்பிய பந்தைக் கொண்டு சென்று மத்தியூஸ் கோல் அடித்தார். அப்பருவத்தில் அவர் அடித்த ஒரே கோல் அது. அந்த வெற்றியோடு ஸ்டோக் கழகம் முதற்பிரிவுக்கு மீண்டது. அவ்வாண்டு இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் 48 வயதான அவருக்கே கிடைத்தது.

இவ்விதிகளை மறந்தால் நேர்வது யாது? அதற்கு அண்மைக்காலச் சான்று இத்தாலியிலே உண்டு. 2018 ஆம் ஆண்டு ஜூலையில் யுவென்ரஸ் கழகம் 33 வயதான கிறிஸ்ரியானோ ரொனால்டோவை 10 கோடி யூரோவுக்கு வாங்கி, நான்கு ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், யுவென்ரசுக்கு எதிராகவே, அதன் சொந்த மைதானத்தில், ஆகாயத்திற் புரண்டு அவர் அடித்த கோலைக் கண்டு அவ்வூர் மக்களே எழுந்து கைதட்டியிருந்தனர். இத்தாலிய வாகையை யுவென்ரஸ் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வென்றிருந்தது. அதற்குக் குறையாக இருந்தது ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றே. அதை இறுதியாக வென்றது 1996 இல். அந்த ஒன்றுக்காகவே இவ்வளவு பெரும்பணம்.

ரொனால்டோ தம் கடமையிற் குறை வைக்கவில்லை. மூன்று பருவங்களில் 134 ஆட்டங்கள் ஆடி 101 கோல்கள் அடித்தார். 2019 இலும் 2020 இலும் இத்தாலிய வாகை கிடைத்தது. ஆனால் ஐரோப்பியக் கிண்ணத்தில் 2019 இல் அயாக்ஸ், 2020 இல் லியோன், 2021 இல் போர்ற்றோ என்று மூன்று கழகங்களிடம் தோற்று, ஒருமுறையேனும் அரையிறுதியைக் காணவில்லை. இடையில் 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் மைதானங்களை வெறுமையாக்கிக் கழகத்தின் வருவாயைக் குறைத்தது. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமோ குறையாத சுமையாயிற்று. 2021 ஓகஸ்ரில், ஒப்பந்தம் ஓராண்டு எஞ்சியிருக்க, அவர் ஒன்றரைக் கோடி யூரோ விலைக்கு மான்செஸ்ரர் யுனைற்றெட்டுக்குச் சென்றார்.

இங்கே பிழைத்தவர் ஆட்டக்காரர் அல்லர், பேரமே பிழைத்தது. இளைஞரை வாங்கும் கழகம், எண்ணியது நடவாவிடில் அவரை விற்றுப் பாதியேனும் மீட்கலாம். முதியவருக்குக் கொடுத்த விலை அவ்வாறு மீள்வது அரிது. அவர் தரவேண்டியதை அணியில் இருக்கும் காலத்திலேயே தந்தாக வேண்டும். ஆகவே விலை உயர உயர, ஒப்பந்தம் நீள நீள, இடையூறு ஒன்று குறுக்கிடுவதற்கான வாய்ப்பும் பெருகுகின்றது.

பேரேட்டில் எழுதப்படாத செலவுகளும் உள. முதியவர் நிற்கும் இடத்தில் ஓர் இளைஞர் நிற்க முடியாது. அவ்விளைஞரின் வளர்ச்சி ஓரிரு ஆண்டுகள் பின்தள்ளப்படுகின்றது. அன்றியும், புகழ்பெற்ற ஒருவரிடம், இந்த வாரம் ஓய்வெடுத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லும் துணிவு முகாமையாளருக்கு வேண்டும். அத்துணிவு இல்லாதவர் பெரிய பெயரை வாங்குவது, அடக்கத் தெரியாத குதிரையில் ஏறுவதை ஒக்கும்.

வாடிங்ரனிடம் அத்துணிவு இருந்தது. முதற்பிரிவுக்கு மீண்ட பின்னர் அவர் மத்தியூசை ஒருசில ஆட்டங்களிலேயே இறக்கினார். 1965 பெப்ரவரி 6 ஆம் திகதி, ஐம்பதாம் பிறந்தநாள் கழிந்து ஐந்து நாட்களின் பின், ஃபுல்ஹாம் கழகத்துக்கு எதிராக மத்தியூஸ் தமது இறுதி முதற்பிரிவு ஆட்டத்தை ஆடினார். அவ்வாண்டு ஏப்பிரலில் நடந்த விடையளிப்பு ஆட்டத்தின் முடிவில், ஹங்கேரியின் புஸ்காசும் ரஷ்யாவின் யாஷினும் அவரைத் தோளிற் சுமந்து சென்றனர்.

வாடிங்ரன் தம் வழியை மாற்றிக் கொள்ளவில்லை. 1972 ஆம் ஆண்டு லீக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்டோக் கழகம் செல்சியை 2 க்கு 1 என வென்றபோது, வெற்றிக் கோலை அடித்தவர் ஜோர்ஜ் ஈஸ்ற்றம். அவருக்கு அப்பொழுது வயது 35. அணியின் கோல் காவலரோ, ஐந்தாண்டுகளுக்கு முன் லெஸ்ரர் கழகம் ஓர் இளைஞருக்கு இடம் விடுவதற்காக விற்றுவிட்ட கோர்டன் பாங்ஸ்.