ஊமையான இசைக்கருவி



கலைப் பட்டதாரியான பாடசாலை அதிபர் ஒருவர் ஈயம் பற்றவைப்பதைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். அவ்வித்தையை நான் அறிய நேர்ந்தது ஒரு பிழையினால். அப்பிழை யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சங்கீத அறையில் ஆர்மோனியத்துக்கு அருகில் இப்போது வேறொரு கருவியும் உண்டு. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு அது. கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள் இருக்கும். ஆனால் தானாக ஓர் ஒலியும் எழுப்பாது. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்ற செய்தியை மாத்திரம், தந்தியடிப்பவரைப் போல, வயர் வழியே கணினிக்கு அனுப்பும். நாதம் பிறப்பது கணினியிலே. 'மிடி' எனப்படும் இச்செய்தி முறை 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் சீக்குவென்ஷல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் கருவியும் யப்பானின் றோலண்ட் நிறுவனத்தின் கருவியும் அவ்வாண்டு ஜனவரியில் ஒரு கண்காட்சியில் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. அக்காலத்துச் செருகி ஐந்து ஊசிகள் கொண்ட தடித்த வட்டச் செருகி. இக்காலச் சிறு கருவிகள் பலவற்றிலோ நகத்தின் அளவேயான யூ.எஸ்.பி. சொக்கற்று. செய்தியும் மின்சாரமும் அதனூடாகவே செல்கின்றன. அங்கே ஒரு பற்று விட்டாற் போதும், கருவி ஊமையாகிவிடும்.

பரிசளிப்பு விழாவுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அதுதான் நடந்தது. கடைசியாக வாசித்தவன் பத்தாந்தர மாணவன் ஒருவன். வயரைப் பிடித்து இழுத்திருப்பான் என்று நானே தீர்மானித்து, மற்றவர் முன்னிலையில் அவனைக் கடிந்து, அறைக்குள் வரவுந் தடுத்தேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. அம்மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

சுன்னாகத்துக்கு அண்மையில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் இருக்கிறார். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; மின்கலங்களுக்கோ தடை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் தயவில் வானொலி கேட்டோம். என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த டைனமோ வயர் அதிர்ந்து அதிர்ந்து ஒரே இடத்தில் அறும். அவற்றைப் பற்றவைத்துப் பழகிய கை அவருடையது.

முதலில் அவர் வேறொரு வயரை மாட்டிப் பார்த்தார். பழுது பெரும்பாலும் வயரிலேதான் இருக்குமாம். அதிற் பலனில்லாமற் போகவே கருவியைத் திறந்து பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். சொக்கற்றின் கால்கள் ஈயத்தினாலே பலகையைப் பற்றியிருந்த இடத்தில், மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு.

"மேசையைச் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கிறியளோ, ஐயா? செருகி சுவரிலை முட்டி நாளாந்தம் நெரிபட்டிருக்குது. இது பெடியன்ரை பிழை இல்லை."

மேசையைச் சுவரோடு தள்ளச் சொன்னவன் நான். அறை ஒழுங்காகத் தோன்ற வேண்டுமென்று.

திருத்தம் அரைமணி நேர வேலை. பழைய ஈயத்தைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்தார். காலையும் பலகையின் செப்பையும் ஒருங்கே சூடாக்கி, அச்சூட்டிலேயே புதிய ஈயம் உருகி ஓடும்படி தொட்டார். சூட்டுக்கோலில் ஈயத்தை உருக்கி மேலே அப்பினால் பற்று ஒட்டியது போலத் தோன்றும், ஒட்டாது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் உருகும். உறையும்வரை கை அசையலாகாது. யன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்தார். காரீயம் நஞ்சாதலால், முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவினார். பின்னர் சொக்கற்றைச் சுற்றிச் சிறிது பசை வார்த்தார். வயரை ஒரு வளையமாக்கிக் கருவியின் உடலோடு கட்டினார். யாரேனும் இழுத்தாலும் அவ்விழுவை கட்டோடு நின்றுவிடும், பற்றைச் சென்று தாக்காது.

மறுநாட் காலைக் கூட்டத்தில், கடிந்த அதே மாணவர் முன்னிலையில், பிழை என்னுடையதென்று சொன்னேன். சொல்வது இலகுவாயிருக்கவில்லை. மாணவனோ, "சேர், அந்த ஈயம் வைக்கிறதை நானும் பழகலாமோ?" என்று மாத்திரம் கேட்டான். இப்போது சனிக்கிழமைகளில் முதியவரிடம் போய் வருகிறான்.

மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம்.