அறிவும் அறிவிப்பும்

தமிழும் மலையாளமும் கலந்து பழகும் எல்லைப்புறத்து ஊர் காஞ்சிரங்குளம். சிறிது தூரத்தில் அரபிக்கடல். அருகே பூவாற்றில் நெய்யாறு கடலோடு கலக்கிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது, இக்கரையிலிருந்தும் குமரிக்கரையிலிருந்தும் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவேயில்லை.

அரசாங்க அறிவிப்புக்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நம் மனத்தை அன்று முதல் ஒரு கேள்வி உறுத்துகிறது. அபாயத்தை அறிவது விஞ்ஞானியின் பணி. அறிந்ததை மக்களுக்குப் பயன்படச் செய்வது யார் பணி?

ஒரு தமிழ் விஞ்ஞானியின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. 1944-இல் பிறந்த வீரபத்திரன் இராமநாதன், பதினோராம் வயதில் பெங்களூர் சென்றார். அங்கே பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆசிரியர் சொல்வது விளங்காமல், தாமே சிந்தித்துத் தெளியும் பழக்கம் அவருக்கு அமைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றபின், குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து வாயு கசிவதைத் தடுக்கும் வேலை பார்த்தார். பின்னர் அமெரிக்கா சென்று, அதே வகை வாயுவான குளோரோஃபுளோரோ கார்பனின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் ஒரு மூலக்கூற்றைவிடச் சுமார் 10,000 மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்க வல்லது என்று 1975-இல் எடுத்துக்காட்டினார்.

உலகம் உடனே செவிசாய்த்ததா? ஓசோன் படலத்தைக் காக்கவென்று 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை எழுந்து, அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தியது. அதனால் பூமி வெப்பமடையும் வேகமும் ஓரளவு மட்டுப்பட்டது. ஆனால் அவற்றிற்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோ கார்பன்களும் வெப்பத்தைப் பிடிப்பவையே. அவற்றைக் குறைக்கக் கிகாலி நகரில் 2016-இல் திருத்தம் நிறைவேறியது. பாரதம் அதனை 2021-இல் ஏற்றது. முதற் கண்டுபிடிப்பிலிருந்து கணக்கிட்டால் 46 ஆண்டுகள்!

இத்தாமதத்தை உணர்ந்தவர் போலும், இராமநாதன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. போப்பாண்டவரின் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினராகி, பூமி வெப்பமடைவதன் துன்பம் அதற்குக் காரணமாகாத ஏழைகளையே மிகுதியும் வாட்டும் என்பதைச் சமயத் தலைவர்களிடமும் எடுத்துரைத்தார்.

உலகப் பேரிடர்களை ஆளுதல் என்றால் பெரிய மண்டபங்களில் கையொப்பமிடுவது மட்டுமன்று. வள்ளத்தைக் கடலில் தள்ளுவதற்கு முன்பே, அம்மீனவனுக்கு விளங்கும் மொழியில் ஒரு சொல் அவன் செவியை எட்டவேண்டும். மாண்ட்ரீலில் எழுதிய சொல்லும் பூவாற்றுக் கரையில் ஒலிக்கும் சொல்லும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அறிவு வீணே. அந்தக் கண்ணிகளுள் ஒன்று, நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளரின் மேசைமீதும் கிடக்கிறது.