அந்தக் கட்டத்தைக் காலியா விடலாமா?

(மரக்காணம் உப்பளப் பகுதி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாவது முடித்துச் சட்டக் கல்லூரிக்கு மனுப்போடப் போகிறவர்கள் இங்கே பலபேர் இருக்கீங்க. உங்களில் சிலர் கேட்கிற கேள்வி இதுதான்: "அண்ணே, விண்ணப்பத்துல நட்சத்திரக்குறி போட்ட கட்டத்தைத்தான் கட்டாயம் நிரப்பணும். ஒதுக்கீடு கேட்கிறதும் கேட்காததும் நம்ம இஷ்டம். எனக்கு மார்க் இருக்குது. எஸ்.சி.ன்னு போடாம விட்டுட்டா என்ன?"

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18. அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3. மீதி 31 பொதுப்போட்டி. இந்த 31ஐ மேல்சாதிக்காரனுக்கு எழுதிவைத்த பங்கு என்று நம்ம ஆட்களே நம்பிக்கிட்டிருக்காங்க. அப்படி இல்லை. அது எல்லாருக்கும் பொது. 'ஆதி திராவிடர்' என்று எழுதின பிள்ளைக்கு மார்க் இருந்தால் 31இலேயே இடம் தரவேண்டும். அதை 18இல் கழிக்கக் கூடாது. 1992இல் மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைச் சொன்னது. 2020இல் சௌரவ் யாதவ் வழக்கில் மறுபடியும் உறுதிசெய்தது. ஆக, எழுதினா பொது இடம் போயிடும்கிறது பொய். எழுதாமல் விட்டால்தான் நட்டம். ஒரு மார்க்கில் 31 நழுவிப்போனபின் ஓடிப்போய் 'நானும் எஸ்.சி.தான்' என்று சொன்னால் அங்கே யார் கேட்பார்கள்?

ஆனால் உங்கள் தயக்கம் கணக்கைப் பற்றியது மட்டுமில்லை. 'கோட்டாவுல வந்தவன்' என்று வகுப்பில் பார்ப்பார்களே என்கிற பயம். அது நியாயமான பயம்தான். சட்டம் படிக்கிற இடத்தில் சாதி கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். 2008 நவம்பரில் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி வாசலில் நடந்த மோதலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை விட்டு அச்சடித்ததும் அந்தப் பகைக்கு ஒரு காரணம். ஒரு பெயரைக் காலியா விடுவதிலும் அரசியல் இருக்குது, பாருங்க.

கட்டத்தை விட்டுவிட்டால் சாதி தெரியாமல் போய்விடுமா? ஊர் பேர் கேட்பான். தெருப் பேர் கேட்பான். 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் கட்டையன் தெரு காலனி வீடுகளைக் கொளுத்தினார்களே, யாருடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கொளுத்தினார்கள்?

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது நம்ம பாட்டன்மார் காலத்துச் சண்டை. குடிமதிப்புக் கணக்கில் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியச் சொன்னார் அயோத்திதாசப் பண்டிதர். பக்கத்து மதுராந்தகம் பகுதியில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதே சொல்லைத் தலைப்பாக்கி, 1893இல் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்கப் பதிவேட்டில் 'ஆதி திராவிடர்' என்று எழுத வைத்தார். உங்கள் சான்றிதழில் இருக்கிற சொல் எவனோ ஒட்டின முத்திரை இல்லை. நம்மவர் வாதாடி வாங்கின சொல்.

எதிர்த்தரப்பையும் பாருங்கள். சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951இல் தீர்ப்பு வாங்கிய செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர். மனுவே போடாமல் 'என் இடம்' என்று கேட்க அவருக்கு முடிந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எழுந்த போராட்டத்தால்தான் அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. நமக்கு மட்டும் மனு போடும்போதே கை நடுங்கணுமா?

"சாதியே வேணாம்னு விடுறது முற்போக்கு இல்லையா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பள்ளியில் சாதி மதம் குறிப்பிடாமல் சேரலாம் என்று 1973லேயே அரசாணை இருக்கிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் 'சாதி மதம் அற்றவர்' என்று சான்றிதழே வாங்கினார். அதை மதிக்கிறேன். அவர் ஊரறியச் சொன்னார். பயந்து மறைப்பது அதுவாகாது.

இன்னும் சில கட்டங்கள் உண்டு. அப்பா தொழில் என்ற இடத்தில் கோடு போடாதீர்கள். 'உப்பளத் தொழிலாளி' என்று எழுதுங்கள். பாத்தியில் இறங்கி உப்பு வாரி, கால் வெடித்து, மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடந்து உங்களைப் படிக்கவைத்த தொழில் அது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதையும் சொல்லுங்கள். தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கிவையுங்கள். கடைசி நாளில் அலையவேண்டாம்.

எழுதுவதும் விடுவதும் உங்கள் உரிமை. யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கமுடியாது. விடுவதாக இருந்தால் யோசித்து, தெரிந்து விடுங்கள், கூச்சத்தால் விடாதீர்கள். நாளைக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டு, வன்கொடுமை வழக்கில் நம்ம சனத்துக்காக நிற்கப்போகிறவர்கள் நீங்கள். அந்தக் கோர்ட்டில் முதலில் நிரூபிக்க வேண்டியதே பாதிக்கப்பட்டவரின் சாதியைத்தான். அதை உரக்கச் சொல்ல இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.